வேகமும் முதுகும்: கிடங்குத் தானியக்கமும் தொழிலாளர் பாதுகாப்பும்

கிடங்குகளுக்குள் ரோபோக்கள் வந்ததைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வேலையிழப்பைச் சுற்றியே நடக்கிறது. வேலையில் எஞ்சியிருப்பவரின் உடலுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கேட்கப்படும்போதும் இரண்டு ஆயத்த விடைகளே கிடைக்கின்றன. பளுவையும் அலைச்சலையும் இயந்திரம் ஏற்றுக்கொள்வதால் காயங்கள் குறையும் என்பார்கள் கருவிகளை விற்பவர்கள். இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதரை ஓடவைப்பதால் காயங்கள் கூடும் என்பார்கள் தொழிற்சங்கத்தினர். கிடைத்திருக்கும் சான்றுகள் இவ்விரண்டில் எதையும் முழுதாக ஆதரிக்கவில்லை. தானியக்கம் கிடங்கின் பெரிய விபத்துகளைக் குறைக்க வல்லது. ஆனால் வேகத்துக்கு வரம்பு இல்லாத இடத்தில், அந்த ஆதாயத்தின் கணிசமான பகுதியை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் உபாதைகள் விழுங்கிவிடுகின்றன. இக்கட்டுரை இந்த வாதத்தைப் பரிசீலிக்கிறது.

சான்றுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருபவை. அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பணியிடத்திலும் ஆண்டுதோறும் நிகழும் காயங்களின் தொகுப்பை, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்குள்ள தொழில் பாதுகாப்பு, உடல்நல நிர்வாகத்துக்கு (ஓஷா) அளித்தாக வேண்டும். அந்தத் தரவு பொதுவெளியிலும் வைக்கப்படுகிறது. ரோபோ உள்ள கிடங்கையும் இல்லாத கிடங்கையும் வெளியாட்கள் ஒப்பிட முடிவது இதனால்தான்.

கிடங்கின் ஆபத்துகள்

வெளிப்பார்வைக்குக் கிடங்கு அமைதியான இடம். உலையோ அமிலத் தொட்டியோ சுழலும் கத்தியோ அங்கில்லை. ஆயினும் 2023 ஜூலையில் ஓஷா கிடங்குகளுக்கென்றே மூன்றாண்டுத் தனி ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்க நேர்ந்தது. கிடங்கு, பொருள் விநியோகத் துறைகளின் காய விகிதம் தனியார் துறைச் சராசரியைத் தாண்டியிருந்தது. சில பிரிவுகளில் அது சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

உயிரைப் பறிப்பதில் முன்னிற்பது ஃபோர்க்லிஃப்ட். 1980 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பாக இறந்த 1,021 தொழிலாளர்களின் பதிவுகளை அந்நாட்டுத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகைப்படுத்தியது. 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து நேர்ந்தவை. 20 சதவீதம் நடந்து சென்றவர்மீது வண்டி மோதியவை. 16 சதவீதம் வண்டிக்கும் வேறொன்றுக்கும் இடையே நசுங்கியவை. 9 சதவீதம் வண்டியிலிருந்து விழுந்தவை. இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று: இம்மரணங்களில் பெரும்பாலானவை மனிதரும் கனரக வாகனமும் ஒரே பாதையைப் பகிர்ந்ததாலோ, வாகனத்தின்மேல் மனிதர் இருந்ததாலோ நேர்ந்தவை.

எண்ணிக்கையில் முன்னிற்பவை வேறு. முதுகுப் பிடிப்பு, தோள்பட்டைத் தசைக் கிழிவு, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், முழங்கால் தேய்வு போன்ற தசை-எலும்பு உபாதைகள் ஒரு கணத்தில் நிகழ்வதில்லை. மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் ஒரு சாதாரணப் பெட்டியைத் தூக்கும்போது வெளிப்படுகின்றன. விபத்து அறிக்கையில் ‘பெட்டி தூக்கும்போது’ என்று எழுதப்படும். அதற்கு முன் தூக்கிய ஆயிரக்கணக்கான பெட்டிகள் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. ரேக்கின் உயரத்திலிருந்து விழுதல், லாரிக்கும் மேடைக்கும் இடைப்பட்ட இடைவெளியில் கால் சிக்குதல், தகரக் கூரையின் கீழும் கண்டெய்னருக்குள்ளும் வெப்பத்தால் மயங்குதல் ஆகியவையும் உண்டு.

இயந்திரங்கள் வந்த வரிசை

கிடங்குத் தானியக்கம் இணையவணிகத்தோடு பிறந்ததன்று. தரையில் பதித்த கம்பியின் சமிக்ஞையைப் பின்பற்றி ஓட்டுநரின்றி இழுத்துச் செல்லும் வண்டியை அமெரிக்காவின் பாரெட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1950களின் முற்பாதியில் உருவாக்கியது. தென் கரோலினாவில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் அதை முதலில் பயன்படுத்தியது. 1962இல் ஜெர்மனியின் க்யூட்டர்ஸ்லோவில் பெர்டெல்ஸ்மான் பதிப்பகத்துக்காக டெமாக் நிறுவனம் உயர் அடுக்குக் கிடங்கு ஒன்றைக் கட்டியது. தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள் வானளாவிய ரேக்குகளுக்கிடையே சென்று பேலட்டுகளை வைக்கவும் எடுக்கவும் செய்தன. உயரத்தில் மனிதர் ஏறவேண்டிய தேவை அங்கே பெருமளவு நீங்கியது. இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு நிலப்பரப்பைச் சேமித்ததன் உடன்விளைவாகவே வந்தது. அதற்காக யாரும் அதைக் கட்டவில்லை.

பெரிய திருப்பம் கீவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு வந்தது. மிக் மவுண்ட்ஸ் 2003இல் தொடங்கிய இந்நிறுவனம் வேலையின் திசையையே மாற்றிப்போட்டது. மனிதர் அலமாரியைத் தேடிப் போவதற்குப் பதில், தட்டையான ரோபோ அலமாரியின் அடியில் நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டு மனிதர் நிற்கும் இடத்துக்கு வருகிறது. 2012இல் 77.5 கோடி டாலர் கொடுத்து அமேசான் இந்நிறுவனத்தை வாங்கியது. 2025இல் அதன் கிடங்குகளில் இயங்கும் ரோபோக்களின் எண்ணிக்கை 10 லட்சத்தை எட்டியது. நார்வேயின் ஆட்டோஸ்டோர் அமைப்பிலும் கருத்து இதுவே. நெருக்கமாக அடுக்கப்பட்ட தொட்டிகளின் மேல் ரோபோக்கள் ஓடி, வேண்டிய தொட்டியை மேலே இழுத்துப் பணிநிலையத்துக்கு அனுப்புகின்றன. அன்றாட வேலைக்காகச் சேமிப்புப் பகுதிக்குள் மனிதர் நுழைவதே இல்லை.

பாதுகாப்பு நோக்கில் இது அடிப்படையான முன்னேற்றம். தொழில் பாதுகாப்பியல் ஆபத்துத் தடுப்பு முறைகளை ஒரு படிவரிசையில் வைக்கிறது: ஆபத்தை நீக்குதல், குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அதன் இடத்தில் வைத்தல், பொறியியல் தடுப்பு, விதிமுறையும் பயிற்சியும், கடைசியில் தலைக்கவசமும் கையுறையும். கிடங்குகள் காலங்காலமாகக் கடைசி இரண்டு படிகளிலேயே நின்றன. ‘முழங்காலை மடக்கித் தூக்கவும்’ என்ற சுவரொட்டி நான்காவது படியைச் சேர்ந்தது. அதனால் பெரிய பயன் விளைந்ததாகச் சொல்ல முடியாது. மனிதரும் வாகனமும் ஒரே தளத்தில் இல்லாதபடி செய்யும் அமைப்போ முதல் படியைச் சேர்ந்தது. நடைபாதையே இல்லாத இடத்தில் நடந்து செல்பவர்மீது வண்டி மோத வழியில்லை.

லாரியிலிருந்து சரக்கு இறக்கும் இயந்திரங்களையும் இதே வரிசையில் வைக்கலாம். பாஸ்டன் டைனமிக்ஸ் உருவாக்கிய ‘ஸ்ட்ரெச்’ ரோபோ உறிஞ்சிகளால் பெட்டியைப் பிடித்து எடுத்துக் கன்வேயரில் வைக்கிறது. 2022 ஜனவரியில் டிஎச்எல் நிறுவனம் இதற்காக 1.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அது தூக்கக்கூடிய உச்ச எடை சுமார் 23 கிலோ. கிடங்கு வேலைகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று இறக்குவேலை. வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள், தலைக்கு மேலிருந்தும் கால்மட்டத்திலிருந்தும் மாறிமாறி எடுக்க வேண்டும். இயந்திரத்திடம் ஒப்படைக்க இதைவிடத் தகுந்த வேலை கிடங்கில் அரிது.

பளுவின் கணக்கு

தானியக்கம் உடலுக்கு எங்கே உதவுகிறது, எங்கே உதவ மறுக்கிறது என்பதைக் காட்ட ஒரு பழைய சூத்திரம் போதும். கையால் தூக்கும் வேலைக்கான கணக்கீட்டை நியோஷ் 1981இல் வெளியிட்டு, 1991இல் திருத்தியது. வாட்டர்ஸ், புட்ஸ்-ஆண்டர்சன், அருண் கார்க், ஃபைன் ஆகியோர் 1993இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினர். மிகச் சாதகமான நிலையில் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்பது அதன் தொடக்கம். நிலைமை சாதகத்திலிருந்து விலக விலக, அந்த எடை ஒன்றுக்குக் குறைந்த பெருக்கல் எண்களால் வெட்டப்பட்டுக்கொண்டே போகும். பொருள் உடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், உடலை எத்தனை பாகை திருப்ப வேண்டும், பிடி எப்படிப்பட்டது, நிமிடத்துக்கு எத்தனை முறை என்று ஆறு காரணிகள்.

ஒரு பழைய பாணிக் கிடங்கை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி தரையில் இருக்கிறது. கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. எடுத்து 75 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, உடலை 90 பாகை திருப்பித்தான் வைக்க முடியும். தூரத்தால் 23 கிலோ 11.5 ஆகிறது. தரைமட்டத்தால் 8.9. உடல் திருப்பத்தால் 6.3. தூக்கும் உயரத்தையும் சேர்த்தால் சுமார் 5.6 கிலோ. நிமிடத்துக்கு ஒரு முறை வீதம் எட்டு மணி நேரம் இதைச் செய்தால் இன்னும் கால் பங்கு குறைந்து 4.2 கிலோவில் நிற்கிறது.

இனி தானியங்கிப் பணிநிலையம். பெட்டி இடுப்பு மட்டத்தில், உடலை ஒட்டி, நேர் எதிரே வருகிறது. தூக்கவேண்டிய உயரமும் சொற்பம். வடிவம் சார்ந்த பெருக்கல் எண்கள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் வரம்பு 17 கிலோவுக்கு மேல். பழைய நிலையைப்போல் நான்கு மடங்கு. இதுவே தானியக்கத்தின் கொடை. ஆனால் அதே பணிநிலையத்தில் வேகம் நிமிடத்துக்கு ஆறு முறையானால் வரம்பு 6.2 கிலோ. பத்து முறையானால் வெறும் 3 கிலோ. குனிந்து, எட்டி, திரும்பித் தூக்கிய பழைய வேலைக்குச் சூத்திரம் அனுமதித்த எடையைவிட இது குறைவு. வடிவமைப்பால் கிடைத்த நான்கு மடங்கு ஆதாயமும் வேகத்தால் மட்டுமே கரைந்துபோகிறது.

சூத்திரத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது இரு கைகளால் தூக்கும் வேலைக்கானது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிஃப்டுக்கு அதில் எண் கிடையாது. இணையவணிகக் கிடங்கில் எடுக்கப்படும் பெரும்பாலான பொருள்கள் ஒரு கிலோவைத் தாண்டாதவை. அவற்றுக்கு முதுகைவிடத் தோளும் மணிக்கட்டுமே முக்கியம். மூரும் கார்கும் 1995இல் முன்வைத்த ‘ஸ்ட்ரெய்ன் இண்டெக்ஸ்’ போன்ற வேறு அளவீடுகள் அவற்றுக்கு உண்டு. அந்த அளவீடுகளிலும் நிமிடத்துக்கு எத்தனை முறை என்பது தீர்மானகரமான காரணியாகவே இருக்கிறது.

நடையைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. மரபான கிடங்கில் பொருள் எடுப்பவரின் நேரத்தில் ஏறத்தாழ பாதி நடப்பதில் போகிறது என்பது பாடநூல் கணக்கு. பெரிய கிடங்கில் ஒரு நாளில் 15 கிலோமீட்டர் நடப்பது அரிதன்று. பொறியாளரின் கண்ணில் அது முழு வீண். உடலின் கணக்கில் அப்படியில்லை: ஒரு பொருளை எடுத்தபின் அடுத்ததை அடையும்வரை தோளுக்கும் கைக்கும் கிடைக்கும் இடைவேளை அந்த நடைதான். நடையை நீக்கும் அமைப்பு முழங்காலுக்கும் பாதத்துக்கும் நன்மை செய்யும்போதே, கைகளின் ஓய்வையும் சத்தமின்றி நீக்கிவிடுகிறது. அதற்கு மாற்றாக ஓய்வு வேறு எங்கும் திட்டமிடப்படுவதில்லை. கீவா முறை வந்தபின் மணிக்குச் சுமார் 100 பொருள் என்றிருந்த எதிர்பார்ப்பு 400 வரை உயர்ந்ததாகப் பத்திரிகை விசாரணைகள் பதிவுசெய்துள்ளன. நிமிடக் கணக்கில் இது ஒன்றரைக்குச் சற்று மேலிருந்து ஆறரைக்கு மேல்.

முரண்படும் சான்றுகள்

2020 செப்டம்பரில் ‘ரிவீல்’ என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு அமேசானின் சுமார் 150 கிடங்குகளின் உள் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டது. 2016 முதல் 2019 வரையிலான காலத்தில் ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் மற்றவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதல் என்பது அதன் முடிவு. நிறுவனம் இதை மறுத்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் நிறுவனமே ஒரு கணக்கைத் தந்தது: 2022இல் ரோபோ உள்ள இடங்களில் பதிவுக்குரிய காயங்கள் 15 சதவீதமும், வேலைநாள் இழப்புக் காயங்கள் 18 சதவீதமும் குறைவு.

இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளைப் பற்றியவை. இரண்டுமே வெறும் ஒப்பீடுகள். ரோபோ அமைப்புகள் பெரும்பாலும் சிறு பொருள்களைக் கையாளும் கிடங்குகளிலேயே நிறுவப்படுகின்றன. சோபாவும் சலவை இயந்திரமும் வேறு கிடங்குக்குப் போகின்றன. எனவே காய விகிதத்தின் வேறுபாடு ரோபோவால் வந்ததா, பொருளின் தன்மையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. பதிவு முறையும் ஒரு சிக்கல்: முதலுதவியோடு முடிந்த காயம் அமெரிக்க விதிப்படி பதிவேட்டில் ஏற வேண்டியதில்லை. எது முதலுதவி என்பதில் நிறுவனத்துக்கு உள்ள இடம் சிறிதன்று.

இந்த முட்டுச்சந்தைத் தாண்ட உதவுவது கோர்டன் பர்ட்ச், பிராட் கிரீன்வுட், கிரண் ரவீந்திரன் ஆகிய மூவரின் ஆய்வு. ஓஷாவின் பொதுத் தரவைக் கொண்டு ரோபோ உள்ள, இல்லாத அமேசான் கிடங்குகளை அவர்கள் ஒப்பிட்டனர். முடிவு இரண்டு தரப்பையும் ஒருசேர சங்கடப்படுத்துவது: ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்கள் சுமார் 40 சதவீதம் குறைவு, கடுமையற்ற காயங்கள் சுமார் 77 சதவீதம் கூடுதல். கனமான, ஆபத்தான வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது முதலாவதற்கும், வேகமும் சலிப்பூட்டும் ஒரே அசைவும் இரண்டாவதற்கும் காரணம் என்பது அவர்களது விளக்கம். கட்டுரையின் தலைப்பு 1952இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சியை நினைவூட்டுகிறது. சாக்லேட் தொழிற்சாலையில் கன்வேயர் வேகமெடுக்க, சுற்றித் தீராத சாக்லேட்டுகளைக் காட்சியின் நாயகி லூசி வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொள்கிறாள். ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளில் இவ்வளவு பொருத்தமானது அரிதாகவே அமையும்.

‘கடுமையற்ற’ என்ற வகைப்பாட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அது பதிவேட்டின் வகைப்பாடு. மருத்துவத்தின் வகைப்பாடு அன்று. இன்று கடுமையற்றதாகப் பதிவாகும் மணிக்கட்டு வலி ஐந்தாண்டுகளில் நிரந்தர இயலாமையாக முற்றலாம். கிடங்கு வேலையில் ஆள்மாற்றம் மிகுதி என்பதால், அந்த ஐந்தாவது ஆண்டில் அவர் வேறெங்கோ இருப்பார். அவரது வலி எந்தக் கிடங்கின் கணக்கிலும் வராது.

தொழிற்சாலை ரோபோக்கள் பற்றிய ஆய்வுகள் வேறு படத்தைத் தருகின்றன. கிலெப், ஜுண்டெல்லா, ஸ்டெல்லா, வாங் ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ரோபோப் பயன்பாடு ஒரு திட்ட விலக்கம் உயர்ந்த இடங்களில் ஆண்டுக் காய விகிதம் 100 தொழிலாளர்க்குச் சுமார் 1.2 குறைந்ததைக் காட்டியது. அதே இடங்களில் போதைப்பொருள், மது சார்ந்த இறப்புகள் கூடியிருந்ததையும் காட்டியது. அங்கே ரோபோ என்பது பெரும்பாலும் கூண்டுக்குள் நின்று பற்றவைக்கும் கை. மனிதரின் அசைவை அது விநாடிக் கணக்கில் ஆள்வதில்லை. கிடங்கில் ரோபோவும் மனிதரும் ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள். தொழிற்சாலை முடிவுகளைக் கிடங்குக்கு அப்படியே எடுத்துவருவது தவறு.

வேகமே காரணி என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், அமேசான் வேக இலக்குகள் சார்ந்த ஒழுங்கு நடவடிக்கைகளைத் தளர்த்தியிருந்தது. அவ்வாண்டு காய விகிதம் இறங்கி, 2021இல் மீண்டும் ஏறியதை ஓஷாத் தரவைக் கொண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று காட்டியது. 2021இன் ஏற்றத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெருக்கமே காரணம் என்றது நிறுவனம். அந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. புதியவர்கள் அதிகம் காயமடைவது எல்லாத் தொழிலிலும் அறியப்பட்டது. ஆனால் 2020இலும் பெருமளவில் ஆள்சேர்ப்பு நடந்தது என்பதை அம்மறுப்பு கணக்கில் கொள்ளவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் நலம், கல்வி, தொழிலாளர், ஓய்வூதியக் குழுவின் பெரும்பான்மைத் தரப்பு வெளியிட்ட அறிக்கை, நிறுவனத்தின் உள்ளாய்வுகளே வேகத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு கண்டதாகச் சொன்னது. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘சோட்டீரியா’. அந்த ஆய்வின் முறை பிழையானது என்பது நிறுவனத்தின் பதில்.

பழுதுபார்ப்பவர்

மனிதரை விலக்கிவைக்கும் அமைப்புக்குள் ஒருவர் மட்டும் நுழைந்தே ஆக வேண்டும்: பழுதுபார்ப்பவர். ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1979 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் ஃப்ளாட் ராக்கில், ஃபோர்டு வார்ப்பாலையில் நிகழ்ந்தது. அது பற்றவைக்கும் ரோபோ அன்று. உதிரிபாகங்களை அடுக்கிலிருந்து எடுத்துத் தரும் தானியங்கிச் சேமிப்பு அமைப்பு. பாகத்தைக் கையால் எடுக்க ரேக்கில் ஏறிய 25 வயதுத் தொழிலாளரைப் பின்னாலிருந்து வந்த கை தாக்கியது. 2023 நவம்பரில் தென் கொரியாவின் கொசோங்கில் ஒரு வேளாண் விளைபொருள் மையத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோவின் சென்சாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவரை அந்த ரோபோவே பிடித்துக் கன்வேயரில் அழுத்தியது, அவர் இறந்தார். 44 ஆண்டு இடைவெளியில் இரண்டு மரணங்களுக்கும் அடிப்படை ஒன்றே. இயக்க விசை முற்றிலும் துண்டிக்கப்படாத நிலையில் மனிதர் இயந்திரத்தின் எல்லைக்குள் இருந்தார். பழுதுபார்க்கும்முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிட வேண்டும் என்ற அமெரிக்க விதி 1989இலிருந்து இருக்கிறது. அதைப் பின்பற்றும்போது முழுக் கிடங்கும் நிற்கும் என்றால், பின்பற்றாமல் விடுவதற்கான தூண்டுதலும் அதே அளவு பெரியது. அமைப்பைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தை மட்டும் நிறுத்த வழிசெய்வது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

ரோபோத் தளத்தில் விழுந்த பொருளை எடுக்கச் செல்பவர்களுக்காக அமேசான் சமிக்ஞை அனுப்பும் மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்தது. அதை அணிந்தவர் வரும் வழியில் ரோபோக்கள் வேகம் குறைத்து விலகுகின்றன. ஓட்டுநரற்ற வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4, தொழில் ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 10218, மனிதரோடு சேர்ந்தியங்கும் ரோபோக்களுக்காக 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 ஆகியவை மனிதரைக் கண்டறிதல், நிறுத்தும் தூரம், மோதல் விசை ஆகியவற்றுக்கு அளவு வைக்கின்றன. கடைசியாகச் சொன்ன ஆவணம் உடலின் 29 இடங்களில் எவ்வளவு அழுத்தம் தாங்கக்கூடியது என்று அட்டவணை தருகிறது. ரோபோ ஒரு முறை இடித்தால் எவ்வளவு வலிக்கலாம் என்பதற்கு இத்தனை நுட்பமான வரம்பு இருக்கிறது. அதே ரோபோ கொண்டுவரும் பொருளை மணிக்கு எத்தனை முறை எடுக்கச் சொல்லலாம் என்பதற்கு அந்த ஆவணங்களில் வரம்பு இல்லை. குறைந்த எடையை அதிக வேகத்தில் கையாளும் வேலைக்கென்று ஐஎஸ்ஓ 11228இன் மூன்றாம் பகுதி இருக்கிறது. ஆனால் அது தனி ஆவணம், பின்பற்றுவது நிறுவனத்தின் விருப்பம்.

தீயும் கவனத்துக்குரியது. பிரிட்டனின் ஆண்டோவரில் ஒகாடோ நிறுவனத்தின் கிடங்கு 2019 பிப்ரவரியில் முற்றாக எரிந்தது. ரோபோவின் மின்கலம் ஏற்றும் பகுதியில் ஏற்பட்ட மின்கோளாறே தொடக்கம். ஊழியர்கள் வெளியேறிவிட்டனர். மனிதர் நடமாடாத அடர்ந்த அடுக்கில் தீ எங்கே இருக்கிறது என்று அறிவதும், அங்கே நீர் சென்று சேர்வதும் கடினம். ஆபத்து அங்கே தீயணைப்பு வீரர்களின் தலையில் விழுகிறது.

வேகத்துக்கு வரம்பு

தானியங்கிக் கிடங்கில் வேகம் மேற்பார்வையாளரின் குரலில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. எனவே அண்மைச் சட்டங்கள் அதைத் தொட முயல்கின்றன. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள கலிஃபோர்னியாச் சட்டம், கிடங்குத் தொழிலாளருக்கு வேக இலக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உணவு, ஓய்வு, கழிப்பறை இடைவேளைகளைத் தடுக்கும் இலக்கைச் சட்டவிரோதமாக்குகிறது. 2024இல் அம்மாநிலத் தொழிலாளர் ஆணையர் இச்சட்டத்தின் கீழ் அமேசானின் இரண்டு கிடங்குகளுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தார். நிறுவனம் தங்களிடம் நிலையான இலக்கே இல்லை என்று வாதிட்டது. இந்த வாதம் சட்டத்தின் பலவீனத்தைச் சரியாகத் தொடுகிறது: ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டுக் கடைசியில் நிற்பவரை எச்சரிக்கும் முறையில், எழுதிக்காட்ட எண் ஏதும் தேவையில்லை.

பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. அங்குள்ள தனியுரிமை ஆணையமான சினில், 2023 டிசம்பரில் அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து முறையிட்டது. ஸ்கேனர் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் ஒரு குறியீடு, அதற்குக் குறைவான இடைவெளிக்கு இன்னொரு குறியீடு என்று ஒவ்வொருவர் கணக்கிலும் சேர்ந்ததை ஆணையம் மிகையென்றது. ஒரு பொருளை ஸ்கேன் செய்த 1.25 விநாடிக்குள் அடுத்ததைச் செய்தாலும் ஒரு குறியீடு விழும். அது தவறு நேரக்கூடிய வேகம் என்பது நிறுவனத்தின் கருத்து. அதாவது, பொருள் தவறாக வைக்கப்படாமலிருக்க வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க முடியும் என்று அந்த மென்பொருளே நிரூபித்தது. தோள்பட்டைக்காக அப்படியொரு வரம்பு வைப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

ரோபோவின் உச்சப் பளு எவ்வளவு என்பது வாங்கும்போதே எழுதப்படுகிறது. பணிநிலையத்தில் நிற்பவரின் உச்ச அசைவு எண்ணிக்கையும், பணிச் சுழற்சிக்கான இடைவெளியும் அதே ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். அதைத் தாண்டிப் பொருளை அனுப்பாதபடி மென்பொருள் அமைக்கப்பட வேண்டும். அலமாரியின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் தவிர்த்து, தொடையின் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்திலேயே பொருளைத் தரும் ‘செக்வோயா’ போன்ற அமைப்புகள் 2023க்குப் பின் வரத்தொடங்கியுள்ளன. எட்டுவதையும் குனிவதையும் அவை குறைக்கும். வேகத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ஐம்பது கிலோ மூட்டை

இந்தியாவில் கேள்வி வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. குருகிராமில் கிரேஆரஞ்ச், நொய்டாவில் ஆட்வெர்ப் போன்ற நிறுவனங்கள் கிடங்கு ரோபோக்களைத் தயாரிக்கின்றன. பெங்களூருவில் ஃப்ளிப்கார்ட் 2019இலேயே பார்சல்களைப் பிரிக்க ரோபோக்களை இறக்கியது. ஆனால் நாட்டின் தானியக் கிடங்குகளிலும் சிமெண்ட் குடோன்களிலும் அளவு இன்னும் 50 கிலோ மூட்டைதான். தூக்குவது லோடுமேனின் முதுகு. நியோஷ் சூத்திரத்தில் மிகச் சாதகமான நிலைக்குரிய 23 கிலோவைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். ஒரு ஆண் தொழிலாளர் தூக்கத்தக்க உச்சமாக 55 கிலோவை 1967இல் பரிந்துரைத்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆவணம், பின்னர் வந்த உடலியல் ஆய்வுகளுக்கு முற்பட்டது. பிரிட்டனில் சிமெண்ட் மூட்டை 25 கிலோவாகிப் பல ஆண்டுகளாகின்றன. மூட்டையின் எடையைப் பாதியாக்குவது எந்த ரோபோவையும்விட மலிவான பாதுகாப்பு. கூலி மூட்டைக் கணக்கில் தரப்படும் இடங்களில், எண்ணிக்கை இரட்டிப்பாவதைக் கூலி விகிதத்தில் சரிசெய்யாமல் விட்டால் இந்த ஆதாயமும் வேகத்திடம் தோற்கும்.

வெப்பம் இன்னொரு வேறுபாடு. 2024 கோடையில் ஹரியானாவின் மானேசரில் ஒரு இணையவணிகக் கிடங்கில், லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர், கழிப்பறை இடைவேளை எடுப்பதில்லை என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. இறக்குவேலைக்கான இயந்திரமும், லாரிக்குள் நீட்டிக்கக்கூடிய சாதாரணக் கன்வேயரும், காற்றோட்டமும் இங்கே அலமாரி தூக்கும் ரோபோவைவிட முன்னுரிமை பெற வேண்டியவை.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் இயற்றப்பட்டபோதே, வணிகத்துக்குப் பயன்படும் குடோன்களையும் கிடங்குகளையும் ‘கடை’ என்ற வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. 2021இன் திருத்தம் ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துதருவதை அச்சட்டத்தில் கட்டாயமாக்கியது. துணிக்கடை ஊழியர்களை மனத்தில் கொண்டு வந்த திருத்தம் இது. வணிகக் கிடங்குக்கு அச்சட்டம் பொருந்துமிடத்தில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் பெருகிவரும் கிடங்குகளின் பணிநிலையங்களிலும் ஆய்வாளர் அதைக் கேட்க இடமுண்டு. நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஷிஃப்டில் ஒவ்வொரு பணிநிலையத்துக்கும் மென்பொருள் எத்தனை நிமிட இடைவெளி விட்டது என்ற பதிவையும் அவர் கேட்கலாம். அந்தப் பதிவு பெரும்பாலான தானியங்கிக் கிடங்குகளில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டே இருக்கும்.